காவல்துறைத் தலைவர் பதவியில் 'பொறுப்பு' நியமனம் கூடாது

1959-ல் இந்தியக் காவல் பணியில் சேர்ந்த பிரகாஷ் சிங், உத்தரப் பிரதேசம், அசாம் ஆகிய இரு மாநிலங்களின் காவல்துறைத் தலைமை இயக்குநராகவும் (டிஜிபி), பிறகு எல்லைப் பாதுகாப்புப் படையின் தலைமை இயக்குநராகவும் இருந்தவர். 1991-ல் பத்மஸ்ரீ விருது பெற்றார். ஒரு காவல் அதிகாரி எட்டக்கூடிய உயரங்களை எல்லாம் எட்டி ஓய்வு பெற்ற அவர், 1996-ல் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடுத்தார். தருமவீரா தலைமையிலான தேசியக் காவல் ஆணையம் 1979 முதல் 1981 வரை அளித்த எட்டு அறிக்கைகளும் அப்போது கிடப்பில் கிடந்தன. 1857 கிளர்ச்சிக்குப் பின் ஆங்கில அரசு 1861-ல் இயற்றிய காவல் சட்டமே நாட்டின் பெரும்பகுதியை ஆண்டுகொண்டிருந்தது.

பத்து ஆண்டுகள் நடந்த அந்த வழக்கில் 2006 செப்டம்பர் 22 அன்று தீர்ப்பு வந்தது. மாநிலப் பாதுகாப்பு ஆணையம், இடமாற்றங்களை முடிவு செய்யக் காவல் பணியமைப்பு வாரியம், பொதுமக்கள் முறையிடப் புகார் ஆணையம், புலனாய்வையும் சட்டம் ஒழுங்கையும் பிரிப்பது உள்ளிட்ட ஏழு உத்தரவுகளை நீதிமன்றம் பிறப்பித்தது. அவற்றில் அடிக்கடி மீறப்படும் ஒன்று தலைமை இயக்குநர் நியமனம் பற்றிய உத்தரவு. மூத்த அதிகாரிகளிலிருந்து மத்தியப் பணியாளர் தேர்வாணையம் மூவரைத் தேர்ந்து பட்டியலிட வேண்டும். அந்த மூவரில் ஒருவரை மாநில அரசு நியமிக்க வேண்டும். அவர் குறைந்தது இரண்டு ஆண்டுகள் பதவியில் இருக்க வேண்டும். ஒழுங்கு நடவடிக்கை, குற்றத் தண்டனை, ஊழல் வழக்கு, உடல்நலமின்மை போன்ற காரணங்கள் இருந்தாலன்றி அவரை இடையில் நீக்கக் கூடாது.

இந்த உத்தரவைச் சுற்றிச் செல்ல மாநிலங்கள் கண்ட வழிதான் 'பொறுப்பு டிஜிபி'. மூத்த அதிகாரிகளின் பெயர்ப் பட்டியலைத் தேர்வாணையத்துக்கு உரிய காலத்தில் அனுப்பாமல் விட்டுவிட்டு, பதவி காலியானதும் விருப்பமான ஒருவரிடம் பொறுப்பை ஒப்படைப்பது. 2018 ஜூலை 3 அன்று உச்ச நீதிமன்றம் இதை வெளிப்படையாகத் தடை செய்தது. பதவி காலியாவதற்கு மூன்று மாதங்களுக்கு முன்பே பெயர்களை அனுப்பிவிட வேண்டும் என்றது. அப்படியும் நிற்கவில்லை. பிரகாஷ் சிங் தலைமை இயக்குநராக இருந்த அதே உத்தரப் பிரதேசத்தில், 2022 மே மாதத்துக்குப் பின் மூன்றே ஆண்டுகளில் ஐந்து பேர் அடுத்தடுத்துப் பொறுப்பில் அமர்த்தப்பட்டார்கள். தமிழ்நாட்டிலும் 2025 ஆகஸ்ட் 31 அன்று பொறுப்பு அதிகாரியே நியமிக்கப்பட்டார்.

மாநிலக் காவல்துறைக்கு முறைப்படி தேர்ந்தெடுக்கப்பட்ட, இரண்டாண்டு உறுதி பெற்ற தலைவர் மட்டுமே இருக்க வேண்டும் என்பது இந்த அறிக்கையை வெளியிடும் எங்கள் அமைப்பின் நிலைப்பாடு. பொறுப்பில் இருப்பவர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும், எந்த நாளிலும் மாற்றப்படலாம் என்ற நிலையிலேயே வேலை செய்கிறார். அந்த நிலையின்மை மாவட்டம் வரை இறங்குகிறது. ஆளுங்கட்சிப் புள்ளி ஒருவர் மீது வழக்குப் பதிந்த மாவட்டக் கண்காணிப்பாளருக்கு, மாலையில் வெளியாகும் ஒரு பக்க ஆணையில் பெயருக்கு நேரே 'கட்டாயக் காத்திருப்பு' என்று வந்தால், அவருக்காக அரசிடம் எழுந்து பேச வேண்டியவர் தலைமை இயக்குநர். தன் நாற்காலிக்கே உறுதியில்லாதவரால் அது முடிவதில்லை. அடுத்து அந்த மாவட்டத்துக்கு வருகிறவர் வழக்குக் கோப்பைத் திறக்கும் முன்பே பாடத்தைக் கற்றுக்கொள்கிறார்.

காவல்துறை மாநிலப் பட்டியலில் உள்ளது, தலைவரைத் தேர்ந்தெடுப்பது மக்கள் தேர்ந்தெடுத்த அரசின் உரிமை என்ற வாதம் தள்ளத்தக்கதல்ல. ஆனால் தீர்ப்பு அந்த உரிமையைப் பறிக்கவில்லை. மூவரில் யார் என்பதை அரசே முடிவு செய்கிறது. விரும்பியபோது தூக்கி எறியும் அதிகாரம் மட்டுமே அரசின் கையிலிருந்து எடுக்கப்படுகிறது. அந்த அதிகாரம் மக்கள் கொடுத்ததல்ல.

இரண்டாண்டு உறுதியைத் தவறாகப் பயன்படுத்தும் வழியும் உண்டு. ஓய்வு பெறும் தறுவாயில் உள்ள ஒருவரை நியமித்து, அவருக்கு இரண்டு ஆண்டுகளைப் பரிசாகக் கொடுப்பதே அது. குறைந்தது ஆறு மாதப் பணிக்காலம் எஞ்சியிருப்பவரையே பரிசீலிக்க வேண்டும் என்று 2019 மார்ச்சில் நீதிமன்றம் விளக்கியது சரியானது. அதை ஓராண்டாக உயர்த்துவது இன்னும் நல்லது என இவ்வமைப்பு கருதுகிறது.

தலைவருக்குப் பாதுகாப்புக் கேட்கும்போது, அவர் கீழ் இயங்கும் படைக்குக் கடிவாளமும் கேட்க வேண்டியிருக்கிறது. புகார் ஆணையத்தின் தலைமையில் ஓய்வு பெற்ற நீதிபதி இருக்க வேண்டும் என்றது தீர்ப்பு. தமிழ்நாட்டில் 2013 சட்டத்தின்படி அமைந்த ஆணையத்துக்கு உள்துறைச் செயலாளரே தலைவர், தலைமை இயக்குநர் உறுப்பினர். காவல் நிலையத்தில் அடிபட்ட ஒருவர் அந்தக் காவல்துறையின் தலைவரிடமே நீதி கேட்டு நிற்பது ஏற்கத்தக்கதல்ல.

சீருடையில் இருந்த காலத்துக்கு ஏறக்குறைய நிகரான காலத்தைப் பிரகாஷ் சிங் இந்த வழக்குக்குக் கொடுத்திருக்கிறார். அடுத்த தலைமை இயக்குநர் ஓய்வு பெறும் நாள் ஒவ்வொரு மாநில அரசுக்கும் முன்கூட்டியே தெரியும். அந்த நாளுக்கு மூன்று மாதங்களுக்கு முன் பெயர்ப் பட்டியலைத் தேர்வாணையத்துக்கு அனுப்பி, அனுப்பிய தேதியைப் பொதுவில் வெளியிடுமாறு எல்லா மாநில அரசுகளையும் இவ்வமைப்பு கேட்டுக்கொள்கிறது.