தச்சுக் கல்வி குலக்கல்வி அன்று

அதியமான் நெடுமான் அஞ்சி பரிசில் தரக் காலம் நீட்டித்தானாக, ஒளவையார் அவன் வாயிற்காவலனை விளித்துப் பாடிய பாட்டு, புறநானூற்றில் 206-ஆம் பாட்டாக வைக்கப்பெற்றுள்ளது. அறிவும் புகழும் உடையார்க்கு எத்திசை செல்லினும் சோறு கிடைக்கும் என்பது அதன் கருத்து. அதற்கு அவர் உவமையாகக் காட்டியவர் அரசரும் அல்லர், வணிகரும் அல்லர். கோடரியோடு காட்டுக்குள் புகுந்த தச்சன் வீட்டுச் சிறுவரே. கைத்திறம் வாய்ந்த அச்சிறுவர்க்குக் காட்டில் உதவாத மரம் இல்லை. கலைவல்லார்க்கும் உதவாத நாடு இல்லை என்றார் அவர். புலமைக்கு ஒப்பாகத் தச்சுத்தொழிலை நிறுத்திய அந்நெஞ்சில், கைத்தொழில் இழிவு என்னும் எண்ணத்திற்கு இடம் இருந்திருக்குமா?

இன்றோ, பத்தாம் வகுப்பு முடித்த மகனைத் தொழிற்பயிற்சி நிலையத்திற்கு அழைத்துச் செல்லும் தந்தை, மின்பணியாளர் பிரிவில் இடம் உண்டா என்றுதான் முதலிற் கேட்கிறார். அஃது இல்லையெனின் பொருத்துநர். அதுவும் இல்லையெனின் வேறொன்று. தச்சுப்பிரிவு என்றதும் முகம் சுளிக்கிறார். “மரவேலைக்கா மகனைப் பள்ளிக்கு அனுப்பினேன்?” என்பது அவர் வினா. அவ்வினாவுக்குள் ஓர் அச்சமும் ஓர் அறியாமையும் கலந்துள்ளன. அச்சம் மதிக்கத்தக்கது, அறியாமை நீக்கத்தக்கது.

அச்சத்தை முதற்கண் காண்போம் எனின், அதற்கு வரலாறு உண்டு. 1953-இல் சென்னை மாகாண முதலமைச்சராய் இருந்த இராசாசி, தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் பாதிப்பொழுது பள்ளியிலும், எஞ்சிய பொழுது தத்தம் பெற்றோர் செய்யும் தொழிலிலும் பழகவேண்டும் என ஒரு திட்டத்தைக் கொணர்ந்தார். தச்சன் மகன் தச்சனாகவே, வண்ணான் மகன் வண்ணானாகவே நிற்பதற்கு இது வழி என்று கண்ட பெரியாரும் பிறரும் அதனைக் குலக்கல்வி எனப் பெயரிட்டு எதிர்த்தனர். 1954-இல் முதலமைச்சராகிய காமராசர் அதனைக் கைவிட்டார். அவ்வெதிர்ப்பு முற்றிலும் நேரியது. தமிழ்நாட்டின் பல்லாயிரம் ஏழைப் பிள்ளைகளுக்குக் கல்விக் கதவைத் திறந்து வைத்தது.

அவ்வெதிர்ப்பின் உட்கிடையைப் பலரும் மறந்துவிட்டனர். எதிர்க்கப்பட்டது உளி அன்று. உளியைப் பிறப்போடு கட்டிய கயிறே. தொழில் தாழ்ந்தது என்று அன்று எவரும் கூறவில்லை. பிறந்த குலத்தால் தொழில் தீர்க்கப்படலாகாது என்றே கூறினர். கயிற்றை அறுத்த பின் உளியையும் சேர்த்து எறிந்துவிட்டது பிற்காலத்தார் செய்த பிழை.

அதே கயிறு 2023-ஆம் ஆண்டு மீண்டும் வந்தது. அவ்வாண்டு நடுவண் அரசு 18 கைத்தொழில்களுக்கென விசுவகருமா திட்டத்தைத் தொடங்கியது; தச்சும் அவற்றுள் ஒன்று. விண்ணப்பிப்போரின் குடும்பம் வழிவழியாக அத்தொழிலைச் செய்திருத்தல் வேண்டும் என்னும் வரையறையை நீக்குக, 18 என்றிருக்கும் அகவைக் கீழ்வரம்பை 35 ஆக உயர்த்துக எனத் தமிழ்நாட்டரசு கேட்டது. நடுவண் அரசு இசையாமையால், 2024-இன் இறுதியில், இத்திட்டத்தை இவ்வடிவில் ஏற்பதற்கில்லை என அறிவித்தது. 2025-இல் பிறப்பு வேறுபாடு கருதாத கலைஞர் கைவினைத் திட்டத்தைத் தானே தொடங்கி, 25 தொழில்களுக்குக் கடனும் மானியமும் வழங்கியது. பதினெட்டு அகவை இளைஞன் உயர்கல்வியை விட்டுக் குலத்தொழிலுக்குத் திரும்பலாகாது என்னும் கருத்தால், அது 35 அகவை நிரம்பியோர்க்கே உரியதாக வகுக்கப்பட்டது. முடிவு நன்றே. எனினும் ஒரு வினா எஞ்சி நிற்கிறது. தச்சுத்தொழிலைத் தானே விரும்பித் தேர்ந்து, அதனை அடிப்படையிலிருந்து கற்க விழையும் பதினாறு அகவைப் பிள்ளை எங்கே செல்வான்?

அவனுக்குள்ள பொதுக் கதவு அரசின் தொழிற்பயிற்சி நிலையம். 1950-இல் நாடளாவத் தொடங்கப்பெற்ற கைத்தொழிலர் பயிற்சித் திட்டத்தின் கீழ் இந்நிலையங்கள் இயங்குகின்றன. தச்சுப்பிரிவில் சேர எட்டாம் வகுப்புத் தேர்ச்சி போதும். தந்தை தச்சரா என்று அங்கே எவரும் கேட்பதில்லை. உழவன் மகனும், மீனவன் மகனும், ஆலைத் தொழிலாளியின் மகளும் ஒரே பணிமேடையில் நின்று மரத்தை இழைக்கலாம். குலக்கல்விக்கு நேர் மாறானது இதுவே.

ஆயின், கதவைத் திறந்து வைத்தோர் உள்ளே போதிய உணவு வைத்தனரா? பயிற்சிக் காலம் ஓராண்டு. 2022-இல் திருத்தப்பெற்ற பாடத்திட்டப்படி அவ்வோராண்டுக்கு 1,200 மணி நேரம்; அதிற் கைவேலைக்குரியது 840 மணி நேரம். நாளொன்றுக்கு எட்டு மணி எனக் கணக்கிட்டால் 105 நாள். செருமனி நாட்டில் பேழைத்தச்சு பயில்வோர்க்கு மூன்றாண்டு. வாரத்திற் சில நாள் பட்டறையிலும் சில நாள் தொழிற்பள்ளியிலுமாகப் பயின்று, இறுதியில் தாமே வரைந்து தாமே செய்த ஓர் அறைகலனைத் தேர்வாளர் முன் வைத்தல் வேண்டும். அங்கு மூன்றாண்டு கேட்கும் தொழில் இங்கு 105 நாளில் கைவருமோ? நாளொன்றுக்கு எட்டுத் தேர் செய்யவல்ல தச்சன் ஒரு திங்கள் உழைத்து ஒரே சக்கரத்தைச் செய்தான் என்று, அதியமானின் உறுதிக்கு உவமை கூறியவரும் அதே ஒளவையாரே. விரைவு தெரிந்தவனும் நிதானத்தாலேயே சிறப்புற்றான் என்க.

தச்சுத்தொழிலில் அப்படிக் கற்பதற்கு என்ன உளது என்று வினவுவார்க்கு மூன்று கூறலாம்: மரம், கூர், பொருத்து.

முதலாவது, மரத்தை அறிதல். உள்ளே வயிரம் உடையது மரம், புறத்தே வயிரம் உடையது புல் எனத் தொல்காப்பியம் மரபியலிற் பகுத்தது. தேக்கும் வேங்கையும் அகத்தே உறுதி உடையன. பனையும் மூங்கிலும் புறத்தே உறுதி உடையன. தேக்கின் புறத்தேயுள்ள வெளிறான பகுதியைப் பூச்சி எளிதில் அரிக்கும். ஆகவே நிலைக்கும் கதவுக்கும் அதனை ஒதுக்கி வயிரத்தைக் கொள்வர். பச்சை மரத்தின் ஈரம், அதன் உலர்ந்த எடையோடு ஒப்பிட, முப்பது விழுக்காட்டுக்கும் மேற்பட்டிருக்கும். அறைகலனுக்கு அது பன்னிரண்டு விழுக்காட்டை ஒட்டி இறங்குதல் வேண்டும். இறங்கும்போது மரம் சுருங்கும். எல்லாத் திசையிலும் ஒரே அளவாகச் சுருங்காது. நீளவாட்டில் சுருக்கம் மிகச் சிறிது, அகலவாட்டில் மிகுதி. அகலவாட்டிலும், ஆண்டுவளையத்தை ஒட்டிய திசையில், வளையத்தைக் குறுக்கிடும் திசையைக் காட்டிலும் ஏறத்தாழ இருமடங்கு சுருக்கம். கதவின் நடுப்பலகையைச் சட்டத்தின் காடிக்குள் பசையிடாமல் தளர்வாக நிறுத்துவது இதனாலேயே. மழைக்காலத்தில் பலகை விரியவும் கோடையில் சுருங்கவும் அக்காடி இடந்தருகிறது. பசையிட்டு இறுக்கினால் பலகை வெடிக்கும். காரணம் அறியாது கைப்பழக்கத்தால் மட்டும் செய்பவன், மரம் மாறியவுடன் தடுமாறுவான்.

இரண்டாவது, கூர். கருவியைத் தீட்டத் தெரியாதவன் தச்சன் ஆகான். உளியின் வாயைத் தேய்கல்லில் 25 பாகை அளவிற் சரிவாகத் தேய்த்து, அதன் நுனியைத் தீட்டுகல்லில் 30 பாகை அளவிற் கூர்மைப்படுத்துவது பொதுமுறை. மழுங்கிய உளி மரத்தை அறுக்காமற் கிழிக்கும். மிகுந்த விசையோடு தள்ளுவதாற் கையையும் கிழிக்கும். இழைப்புளியின் அலகு சரியாகத் தீட்டப்பட்டதா என்பதைச் சுருள் சுருளாக அறாமல் வரும் சீவலே சொல்லிவிடும். இத்திறம் நூலிற் படித்து வருவதன்று. நாடோறும் ஆசான் அருகிருந்து பிழையைத் திருத்தத் திருத்த வருவது.

மூன்றாவது, பொருத்து. ஒரு சட்டத்தின் முனையைக் கழுந்தாகச் செதுக்கி, மற்றொன்றில் அதற்கேற்ற துளையைப் பொளிந்து இணைப்பது தச்சின் உயிர்நிலை. கழுந்தின் கனம் சட்டத்தின் கனத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இருத்தல் வேண்டும். மெலிந்தால் கழுந்து ஒடியும், தடித்தால் துளையின் சுவர் பிளக்கும். இழுப்பறையின் மூலைகளைப் புறாவின் வால்போல் விரிந்த பற்களாற் கோத்தால், எத்துணை முறை இழுத்தாலும் முகப்புப் பலகை கழன்று வாராது. மூலைமட்டம் வைத்துப் பார்க்கையில் ஒளிக்கீற்றும் புகாதபடி இணைக்கும் வரை, பயில்பவன் பத்து முறையேனும் அறுத்துப் பொருத்திப் பார்த்தல் வேண்டும்.

‘எல்லாம் பொறிகள் செய்யும் காலத்தில் இத்தனை கைப்பழக்கம் எதற்கு?’ என்பர் சிலர். இன்று வீட்டு அடுக்களைப் பேழைகள் பெரும்பாலும் ஒட்டுப்பலகையாலும் மரத்தூள் அழுத்திய பலகையாலும் செய்யப்படுகின்றன. அறுப்பதும் துளையிடுவதும் கணிப்பொறி இயக்கும் கருவிகளே. உண்மை. ஆகவே பொறியையும் இளைஞன் பயிலுதல் வேண்டும். ஆனால் பொறி, தனக்குச் சொன்ன அளவைத்தான் அறுக்கும். அளவைச் சொல்பவன் மாந்தன். செய்த பேழையைக் கொண்டுபோய் நிறுத்தும் வீட்டுச் சுவர் நேராக இருப்பதில்லை; தரை மட்டமாக இருப்பதில்லை. அங்கே கோணலைக் கண்டு, இழைத்து, இடைவெளியை மறைத்துப் பேழையை நிமிர்த்துபவன் கைத்திறம் உடையவனே. கைத்திறம் அற்றவன் பொறிக்குப் பலகை எடுத்துக் கொடுப்பவனாய் நின்றுவிடுவான். அவன் கூலியும் அவ்வளவில் நின்றுவிடும்.

பொறியோடு பழகுவார்க்குக் காப்பறிவும் இன்றியமையாதது. சுழல்வாளின் காப்புமூடியைக் கழற்றிவிட்டு வேலை செய்வதும், கையாலேயே சிறுதுண்டைத் தள்ளுவதும் விரலிழக்கும் வழி. மரத்தூளும் தீங்கற்றதன்று. உலக நலவாழ்வு நிறுவனத்தைச் சார்ந்த புற்றுநோய் ஆய்வு அமைப்பு, மாந்தர்க்குப் புற்றுநோய் விளைப்பன என உறுதிப்பட்டவற்றின் வரிசையில் மரத்தூளை 1995-இலேயே சேர்த்தது. மூக்கை மூடும் காப்புத்துணி ஒப்பனையன்று. உயிர்க்காப்பு என்பதை முதல்நாட் பாடமாகவே வைத்தல் வேண்டும்.

மொழியைப் பற்றியும் ஒன்று கூறுதல் தகும். ‘கார்ப்பெண்டர்’ எனப் பெயரிட்டிருந்த இப்பயிற்சிக்கு இன்று ‘உட் ஒர்க் டெக்னீசியன்’ எனப் பெயர். உளி, கொட்டாப்புளி, இழைப்புளி, வாய்ச்சி, ஈர்வாள், மூலைமட்டம், காடி, கழுந்து என ஊர்ப் பட்டறைகளில் உயிரோடுள்ள சொற்கள், பயிற்சிக் கூடத்திற்குள் வந்ததும் ஆங்கில ஒலிக்கு இடம் விட்டு ஒதுங்குகின்றன. பயிற்சி முடித்த இளைஞன் ஒரு முதுதச்சரிடம் பணிக்குச் சென்றால், அவர் கேட்கும் கருவி இன்னதென்று அறியாது விழிக்கிறான். அவரோ இவன் கூறும் பெயரைக் கேட்டு விழிக்கிறார். இருவர்க்கும் இடையே அறுந்தது சொல் மட்டுமன்று. அச்சொல்லோடு வந்த பட்டறிவும் அறுந்தது. கடைப்பட்டியலிலுள்ள ஆங்கிலப் பெயரை அவன் அறிந்துகொள்ளட்டும். தன் கையிலிருக்கும் கருவியின் தமிழ்ப்பெயரை அறியாதிருத்தல் எங்ஙனம் பொருந்தும்?

பிற மாநிலத்துத் தச்சர் தமிழ்நாட்டு வேலைகளைக் கைப்பற்றிக்கொண்டனர் என்று குறைபடுவோர் உளர். இராசத்தானிலிருந்து வந்து சென்னையில் உள்ளொப்பனை வேலை செய்வோர் திறத்தாலும் உழைப்பாலும் நிற்கின்றனர். அவர்மேற் பழி கூறுதல் தமிழர்க்கு அழகன்று. தம் பிள்ளைகளுக்கு முறையான தச்சுக் கல்வி அளிக்காமல் விட்ட தம்மையே தமிழர் நொந்துகொள்ளல் வேண்டும்.

செய்யத்தக்கன சில. ஓராண்டுப் பயிற்சியை முடிவாகக் கொள்ளாமல், அதனைத் தொடர்ந்து ஈராண்டு பட்டறைப் பழக்கத்தை அரசே ஏற்பாடு செய்தல் வேண்டும். 1961-ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டம் இதற்கு இருக்கிறது. பழகுநர்க்கு உதவித்தொகையும் உண்டு. ஆனால் 2019-இல் திருத்திய நெறிப்படி, முப்பதும் அதற்கு மேலும் பணியாளர் உள்ள இடங்களே பழகுநரைக் கட்டாயமாகச் சேர்க்கவேண்டியவை. நால்வர் முதல் இருபத்தொன்பதின்மர் வரை உள்ள இடங்கள் விரும்பினாற் சேர்க்கலாம். ஓர் ஆசானும் இரு துணைவருமாய் இயங்கும் தச்சுப்பட்டறை அச்சட்டத்தின் கண்ணுக்கே படுவதில்லை. கலை வாழ்வதோ அத்தகைய பட்டறைகளில்தான். ஆகவே ஓரூரின் சிறு பட்டறைகள் பலவற்றை ஒன்றாக இணைத்து, ஒரே நிறுவனமாகக் கருதிப் பழகுநரைச் சேர்க்க வழி செய்தல் வேண்டும்.

சான்றிதழ் இல்லை என்னும் காரணத்தால் முதுதச்சரைப் பயிற்சிக் கூடத்தின் வாயிலிலேயே நிறுத்தலாகாது. வருகை ஆசிரியராக அவரை அமர்த்துதல் வேண்டும். பயிற்சி முடிப்பவன் ஒரு நிலைப்பேழையோ நாற்காலியோ தானே வரைந்து தானே செய்து, ஊரார் காண வைத்தல் வேண்டும். அவன் வெளியேறும்போது தாளில் அச்சிட்ட சான்றோடு, தன்னுடையவை எனக் கொள்ளத்தக்க ஒரு தொகுதிக் கருவிகளும் கையில் இருத்தல் வேண்டும். பெண்பிள்ளைகளை இப்பிரிவிற் சேர ஊக்குதலும் வேண்டும். மரம் ஆண் பெண் அறியாது.

பெற்றோர் ஒன்றைத் தெளிதல் நன்று. மகன் விரும்பாத தொழிலை அவன் பிறப்பைக் காட்டித் திணிப்பது குலக்கல்வி. மகன் விரும்பிய தொழிலை இழிவெனக் கூறித் தடுப்பதும் அக்குலக்கல்வியின் நிழலே. இரண்டும் தொழிலைக் குலத்தின் கண்கொண்டு நோக்குகின்றன. அக்கண்ணை மூடிவிட்டு, உளியைக் கல்வியின் கருவியாகப் பிள்ளைகளின் கையில் தருக. அதனை முழுமையாகக் கற்பிக்கும் பொறுப்பை அரசினிடம் உரிமையோடு கேட்டுப் பெறுக.