பெட்டிக்குள் இருக்கப் பிறந்ததல்ல



இங்கிலாந்தின் வடகிழக்கில் உள்ள டர்ஹாம் நகரத் தெருக்களில் ஜூலை மாத இரண்டாம் சனிக்கிழமை வண்டி வாகனம் ஓடாது. நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் சங்கத்தின் ஊர்க் கிளைகள் ஒவ்வொன்றும் தன் பட்டுப் பதாகையைத் தூக்கிக்கொண்டு, பித்தளை வாத்தியம் முழங்க நடந்து வரும். 1871-இல் தொடங்கிய விழா இது. வட்டாரத்தின் கடைசிச் சுரங்கம் 1993-இல் மூடப்பட்டுவிட்டது. ஊர்வலம் மட்டும் நிற்கவில்லை.

அந்தப் பதாகையைத் தூக்குவதே ஒரு வேலை. இரு பக்கமும் கம்பம். காற்றடித்தால் பாய்மரம் மாதிரி இழுக்கும் என்பதால், முன்னும் பின்னும் கயிறு பிடிக்க ஆள் வேண்டும். பதாகை செய்வதில் லண்டனில் ஜார்ஜ் டட்டில் என்பவரின் பட்டறை பெயர் பெற்றது. வண்ணப்பூச்சு வெடிக்காமல் பட்டோடு சேர்ந்து வளைய, ரப்பர் கரைசல் பூசும் முறைக்கு அவர் 1861-இலேயே காப்புரிமை வாங்கிவிட்டார். கெட்டிக்காரர்!

பட்டில் யாரை வரைவது என்பது கிளையின் முடிவு. சாப்வெல் ஊர்க்காரர்கள் பிரிட்டிஷ் தொழிற்கட்சியின் முன்னோடி கெய்ர் ஹார்டியோடு மார்க்ஸையும் லெனினையும் ஏற்றினார்கள். ‘குட்டி மாஸ்கோ’ என்று அந்த ஊருக்குப் பெயரே விழுந்தது. ஒரு சுரங்கத்தில் அந்த ஆண்டு யாராவது இறந்திருந்தால், அதன் பதாகைமேல் கறுப்புத் துணி போர்த்தி எடுத்துவருவார்கள். அப்படிச் சாவு நேர்ந்த சுரங்கங்களில் ஒன்று ஈசிங்டன்; 1951-இல் அங்கே நடந்த வெடிப்பில் இறந்தவர்கள் 83 பேர். அவர்களில் இருவர் மீட்கப் போனவர்கள்.

பழைய பட்டு வெயிலில் நைந்துபோகும், மடித்த இடத்தில் விரிசல் விடும். தன் கனத்தாலேயே கிழியும். அதனால் பல ஊர்கள் மூலத்தைக் கண்ணாடிக்குள் வைத்துவிட்டு, அதே போல் புதிது செய்து தூக்குகின்றன. நகல்தானே என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. சுரங்கம் ஓடிய காலத்திலும் கிழிந்ததைக் கழற்றிவிட்டுப் புதிது செய்தவர்கள்தான் அவர்கள். பழம்பட்டைக் காப்பது அருங்காட்சியகத்தின் கடமை. மான்செஸ்டரில் உள்ள மக்கள் வரலாற்று அருங்காட்சியகம் இதற்கென்றே கைதேர்ந்தவர்களை வைத்திருக்கிறது. ஊருக்கோ கம்பத்தைப் பிடிக்க அடுத்த தலைமுறையின் கைகள் வேண்டும். புதுப் பதாகைகளை விழா நாள் பிற்பகலில் பேராலயத்துக்கு எடுத்துப்போய் ஆசி பெறுகிறார்கள். அந்த மரியாதை நகலுக்கா கொடுப்பார்கள்?

இங்கிலாந்தில் இருக்கும் நம் வாசகர்கள் யாராவது ஜூலையில் அந்தப் பக்கம் போனால், கவுன்டி ஹோட்டல் மாடி முகப்புக்கு எதிரே இடம் பிடியுங்கள். வாத்தியக் குழுக்கள் அங்கே நின்று வாசித்துவிட்டுத்தான் நகரும். பார்த்ததை எழுதி அனுப்புங்கள், படத்தோடு வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்