முத்திரையும் சரக்கும்

இராயபுரத்திலிருந்து எண்ணூர் நோக்கிக் கடலோரச் சாலையிற் செல்வோர், சரக்குப் பெட்டகங்களை ஏற்றிய நெடிய லாரிகள் வரிசையாக நிற்பதைக் கண்டிருப்பர். துறைமுக வாயிலில் ஒவ்வொரு பெட்டகத்தின் எண்ணையும், அதன் கதவிற் பூட்டிய முத்திரையின் எண்ணையும் ஆவணத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பர். ஓரெழுத்து மாறினும் வண்டி நின்றுவிடும். உள்ளே இருப்பது வெறும் தோலாகவோ துணியாகவோ இருக்கலாம். அதற்கே இத்துணைக் கவனம்!

அந்த லாரியை ஓட்டிவரும் தந்தை தம் மகனைக் கடல் கடந்து படிக்க அனுப்புங்கால் என்ன செய்கின்றார்? வண்ண விளம்பரத்தாள் ஒன்றையும், தரகரின் இன்சொல்லையும் நம்பிவிடுகின்றார். வீட்டுப் பத்திரம் வங்கிக்குப் போகின்றது. தாயின் நகை அடகுக் கடைக்குப் போகின்றது. 'அது மெய்யான கல்லூரிதானா?' என்னும் வினா மட்டும் எவர் வாயிலிருந்தும் எழுவதில்லை.

அமெரிக்க நாட்டில், கலிபோர்னியாவின் பிளசன்டன் நகரில், டிரை-வேலி பல்கலைக்கழகம் என்று ஒன்று இருந்தது. 2011ஆம் ஆண்டு ஜனவரியில் அந்நாட்டு அதிகாரிகள் அதனைச் சோதனையிட்டு மூடினர். அதில் பதிந்திருந்தோர் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர். அவருள் மிகப் பெரும்பாலோர் இந்தியர். பதிவேட்டின்படி அவருள் பாதிப்பேருக்கு மேல் ஒரே முகவரியிற் குடியிருந்தனராம்! மாணவர் சிலரின் கணுக்காலில், அவர் செல்லுமிடத்தைக் காட்டும் மின்கருவி பூட்டப்பட்டது. இந்திய அரசு அதனைக் கண்டித்தது. நிறுவனத்தின் தலைவிக்கு 2014இல் பதினாறரை ஆண்டுச் சிறைத் தண்டனை கிடைத்தது. மாணவர் இழந்த பணமும் காலமும் மீளவில்லை.

இஃது ஏமாற்றுக்காரர் ஒருவர் நடத்திய போலி. அடுத்து நிகழ்ந்தது இதனினும் விந்தையானது. மிச்சிகன் மாநிலத்தில் பார்மிங்டன் பல்கலைக்கழகம் என்று ஒன்று தோன்றியது. அதற்கு இணையத்தளம் இருந்தது. சின்னமும் இலத்தீன் மொழி வாசகமும் இருந்தன. அயல்நாட்டு மாணவரைச் சேர்க்கத்தக்க கல்லூரிகளின் அரசுப் பட்டியலில் அதன் பெயர் இருந்தது. தகுதிச் சான்று வழங்கும் குழு ஒன்றின் பட்டியலிலும் இருந்தது. இருந்தது ஓர் அலுவலகக் கட்டடத்தில் வாடகை இடம் மட்டுமே. ஆசிரியர் ஒருவரும் இல்லை. வகுப்பு ஒன்றும் நடந்ததில்லை. விசா முறைகேடுகளைப் பிடிப்பதற்காக அமெரிக்கக் குடிவரவு அதிகாரிகளே விரித்த வலை அது. 2019 ஜனவரியில் வலை சுருக்கப்பட்டபோது, முதலிற் பிடிபட்ட 130 மாணவருள் 129 பேர் இந்தியர். ஆள் சேர்த்துக் கொடுத்த தரகர் எண்மர் மீது வழக்குத் தொடரப்பட்டது. எண்மரும் குற்றத்தை ஒப்புக்கொண்டனர்.

வகுப்பே இல்லை என்பதை அறிந்துதான் மாணவர் பணம் கட்டினர் என்றது அரசு. கற்பிப்பதாகக் கூறிப் பணம் பெற்றுக் கற்பிக்கவில்லை என்று வழக்குத் தொடுத்தார் ஒரு மாணவர். தள்ளப்பட்ட அவ்வழக்கு 2024இல் மேல்முறையீட்டில் மீண்டும் உயிர்பெற்றது. அரசே இவ்வாறு வலை விரித்தல் முறையா என்று எனக்கும் ஐயம் உண்டு. ஆயினும் நாம் இங்கே கருத வேண்டுவது வேறொன்று. பட்டியலைப் பார்த்தவனும் இங்கே தப்பியிருக்க மாட்டான். முத்திரை மெய்யாக இருந்தது. பெட்டகம் வெறுமையாக இருந்தது. ஆதலின் பட்டியலைக் காண்பது முதற்படியேயன்றி முடிவன்று. திங்கட்கிழமை காலை எந்த அறையில், எந்தப் பாடத்தை, எவர் நடத்துகின்றார்? சென்ற ஆண்டு அங்கே பயின்றவர் ஒருவரோடு பேச இயலுமா? பட்டியலை எடுத்துக் காட்டும் தரகர் இவ்வினாக்களுக்கு விழிப்பார். வகுப்பின்றி வேலைக்கு அனுமதி மட்டும் தருகின்ற கல்லூரியை, அது தரும் சலுகையை எண்ணி மகிழாமல், அச்சலுகை காரணமாகவே ஐயுற வேண்டும்.

இனிக் கல்லூரி மெய்யாயிருந்து, கடிதம் பொய்யாவதும் உண்டு. பஞ்சாபிலிருந்து கனடா சென்ற மாணவர் பலரின் நிலை 2023இல் வெளிப்பட்டது. தரகர் கொடுத்த சேர்க்கைக் கடிதத்தோடு அவர்கள் கப்பலேறவில்லை, விமானமேறினர், அவ்வளவே வேறுபாடு. அங்கே சென்றதும், "இடம் நிரம்பிவிட்டது, வேறு கல்லூரியிற் சேர்ந்துகொள்" என்று சொல்லப்பட்டது. அவ்வாறே சேர்ந்து, படித்து, வேலையும் பார்த்தனர். நிரந்தரமாகத் தங்க விண்ணப்பித்தபோதுதான், பழைய கடிதம் போலி என்பது தெரிந்தது. அவ்வாண்டு டிசம்பர் 1 முதல், ஒவ்வொரு கடிதத்தையும் கல்லூரியிடமே கேட்டு உறுதிசெய்யும் முறையைக் கனடா அரசு கொண்டுவந்தது. ஓர் அரசு செய்வதை ஒரு குடும்பமும் செய்யலாம். கல்லூரிக்கு நேரே ஒரு கடிதம் எழுதினால் போதும். முகவரியைத் தரகரின் தாளிலிருந்து எடுத்தல் மட்டும் கூடாது. கட்டணமும் கல்லூரியின் கணக்கிற்கே செல்ல வேண்டும்.

தரகருக்கு அரசு உரிமம் உண்டே என்பர் சிலர். 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டம் வேலைக்கு ஆள் அனுப்புவோரைக் கருதி இயற்றப்பட்டது. படிக்க அனுப்புவோரை அது கருதவில்லை. அவ்வுரிமத்தைச் சுவரில் மாட்டியிருப்பது நம் பிள்ளையின் படிப்புக்குச் சான்றாகாது.

மருத்துவம் பயில விரும்புவோர்க்கு ஒரு சொல். தேசிய மருத்துவ ஆணையத்தின் 2021ஆம் ஆண்டு விதிப்படி, அயல்நாட்டுப் படிப்பு 54 மாதங்களுக்குக் குறைதல் கூடாது. ஆங்கில வழியில் இருத்தல் வேண்டும். 12 மாதப் பயிற்சியும் அங்கேயே முடிய வேண்டும். இவற்றுள் ஒன்று குறையினும் இங்கே மருத்துவராகப் பதிய முடியாது.

கடல் கடந்து பயிலும் படிப்புக்கு மட்டுமன்று, கடலிலேயே செய்யும் பணிக்கான படிப்புக்கும் இது பொருந்தும். துறைமுகத்தின் அருகில் வாழும் நம் பிள்ளைகளுட் சிலர் கப்பற்பணியை நாடுவர். கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம் ஏற்காத பயிற்சிக் கூடத்தின் சான்றிதழை வைத்துக்கொண்டு, சி.டி.சி. என்னும் கடற்பணிச் சான்றேட்டைப் பெற இயலாது. ஏற்கப்பட்ட கூடங்களின் பட்டியல் அவ்வியக்குநரகத்தின் இணையத்தளத்திலேயே உள்ளது. அதனைக் காணக் கட்டணம் இல்லை. கண்ட பின், அக்கூடத்திற்கு நேரிற் சென்று ஒரு வகுப்பையும் எட்டிப் பார்த்து வரலாம்.