கையில் இருக்கட்டும் டார்ச் லைட்!

இரவு கடையடைத்து, கல்லாப் பணத்துடன் தனியே வீடு திரும்பும் மளிகை வியாபாரிக்குத் துணை எது? கத்தி வைத்திருந்தால் நமக்கே வினையாகும். செல்போன் வெளிச்சம் காலடியைத்தான் காட்டும். மூன்று கட்டை உலோக டார்ச் வாங்குங்கள். மறைந்து நிற்பவனைத் தூரத்திலேயே காட்டிக்கொடுக்கும். கண்ணில் அடித்தால் கூசும். மேலே பாய்ந்தால் தடியாகவும் உதவும்.

1-7-2024 முதல் நடப்பிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதா, 35-வது பிரிவில் உடலையும் பொருளையும் காத்துக்கொள்ளும் உரிமை தருகிறது. ஆனால் காப்புக்குத் தேவையானதற்கு மேல் தாக்கக் கூடாது என்கிறது 37-வது பிரிவு. விழுந்து கிடப்பவனை மேலும் அடித்தால் வழக்கு நம்மீதே திரும்பும்.

கத்தியைக் காட்டினால் பையைக் கொடுத்துவிடுங்கள். பணத்தை மீண்டும் சம்பாதிக்கலாம். வணிகப் பெருமக்களே, டார்ச் சண்டைக்கு அல்ல. பத்திரமாக வீடு போய்ச் சேருவதற்கே!