கியெவ்பாஸாவும் நிகர்ச்சொல் பக்தர்களும்

சாப்பாட்டுப் பெயர்களில் அப்படி என்ன பிரச்னை இருக்கிறது என்று நண்பர் ஒருவர் கேட்கிறார். போலிஷ் கதை ஒன்றை ஆங்கில வழியாகத் தமிழுக்குக் கொண்டுவரும்போது 'ஸாஸேஜ்' என்றிருந்தால் 'ஸாஸேஜ்' என்றே போட்டுவிட்டுப் போகவேண்டியதுதான். தமிழ்ப்பற்று கூடுதலாக இருந்தால் 'இறைச்சிக் குழல்'. 'டம்ப்ளிங்' என்றிருந்தால் இருக்கவே இருக்கிறது கொழுக்கட்டை. படிமத்தைப் பற்றிக் கவலைப்படவேண்டிய இடத்தில் கசாப்புக்கடைப் பட்டியலை வைத்துக்கொண்டு சர்ச்சையா என்பது அவர் வாதம். இது அவர் ஒருவருடைய வாதமாக இருந்தால் நான் எழுதப் புறப்பட்டிருக்கமாட்டேன். நம்மில் மொழிபெயர்க்கிற பலர் சொல்லாமல் செய்வதை அவர் சொல்லிச் செய்கிறார், அவ்வளவுதான். ரொட்டியைச் சில்லறை விஷயமாக நினைப்பவர் படிமத்தையும் சில்லறையாகத்தான் மாற்றுவார்.

அந்த ஒரு சொல்லையே பார்ப்போம். போலிஷில் கியெவ்பாஸா. ருஷ்ய மொழியில் கல்பஸா, உக்ரேனியனில் கொவ்பஸா, செக்கில் க்ளொபாஸா, ஹங்கேரியனில் கொல்பாஸ். எல்லாம் ஒரே குடும்பம் என்று காது சொல்கிறது. நாக்கு சொல்வது வேறு. ருஷ்யனுக்குக் கல்பஸா பெரும்பாலும் வில்லை போட்டு ரொட்டியின்மேல் வைப்பது. வேகவைத்து முழுசாகத் தட்டில் வைக்கிற சிறியதற்கு அவன் பிரெஞ்சிலிருந்து வாங்கிய 'ஸஸீஸ்கா' என்ற வேறு சொல் வைத்திருக்கிறான். அதே வஸ்துவைப் போலந்துக்காரன் ஆவி என்ற சொல்லிலிருந்து 'பாரூஃப்கா' என்கிறான். ஜெர்மானியனின் 'வுர்ஸ்ட்' ஒரு பெரிய குடை; ரொட்டியில் தடவுகிற ஈரல் மசியல்கூட அதற்குள் அடக்கம். பிரெஞ்சுக்காரனுக்கோ குடையே இல்லை. சுட்டோ வேகவைத்தோ தின்பது ஸோஸிஸ். உலர்த்தி அரிந்து தின்பது ஸோஸிஸோன். ரத்தம் அடைத்தது பூதேன். குடலுக்குள் குடலையே அடைத்தது அந்தூய்.

ஒரு பாத்திரம் சட்டைப் பையிலிருந்து ரொட்டியும் கியெவ்பாஸாவும் எடுக்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிரெஞ்சு மொழிபெயர்ப்பாளன் அந்த இடத்தில் ஸோஸிஸா ஸோஸிஸோனா என்று தீர்மானித்தே ஆகவேண்டும். மூல ஆசிரியன் தீர்மானிக்காமல் விட்டதை இவன் தீர்மானிக்கிறான். ஆங்கிலத்தில் சங்கடம் வேறுவிதம். போலிஷில் அது கடையில் வளையமாகத் தொங்குவது, வேண்டிய அளவு அறுத்து வாங்குவது. ஆங்கிலத்தில் 'ஒரு ஸாஸேஜ்' என்றதும் அது விரல் நீளத்துக்குச் சுருங்கி, காலைச் சாப்பாட்டுத் தட்டில் முட்டைக்குப் பக்கத்தில் போய்ப் படுத்துக்கொள்கிறது. நிகர்ச்சொல் என்பது எங்கே இருக்கிறது? ஒவ்வொரு பாஷையும் ஒரே குடலை வெவ்வேறு இடத்தில் முடிச்சுப் போடுகிறது. சொல் என்பது அந்த முடிச்சு.

'அப்படியானால் மூலச் சொல்லையே வைத்துவிடலாமே' என்று எதிர்க்கட்சி கிளம்பும். இந்தக் கட்சிக்கும் நான் ஆள் இல்லை. அமெரிக்க ஆங்கிலம் மூலச் சொல்லைத்தான் வைத்துக்கொண்டது. விளைவு? போலந்தில் எல்லா வகைக்கும் பொதுவான பெயர், அமெரிக்கக் கடையில் பூண்டு மணக்கும் புகைபோட்ட ஒரு வகைக்கு மட்டும் பெயராகச் சிறுத்துப்போயிற்று. 'பியெரோகி' என்பது போலிஷில் ஏற்கெனவே பன்மை. ஆங்கிலம் அதற்கும் ஒரு விகுதி ஒட்டிப் பன்மைக்குப் பன்மை செய்துவிட்டது. அதே ஒலியை நம்பி ருஷ்யனிடம் கேட்டால் அடுப்பில் சுட்ட பெரிய பணியாரம் வரும். போலந்துக்காரன் வெந்நீரில் வேகவைக்கிற பியெரோகிக்கு உக்ரேனியன் 'வரேனிகி' என்று பெயர் வைத்திருக்கிறான். கடன் வாங்கிய சொல் விசுவாசமானது என்பது மூடநம்பிக்கை.

உருளைக்கிழங்கும் பாலாடைக்கட்டியும் அடைத்த 'பியெரோகி ருஸ்கியே'யைப் பாருங்கள். ருஸ்கியே இங்கே குறிப்பது ருஷ்யாவை அல்ல. இன்றைய மேற்கு உக்ரேனைச் சேர்ந்த பழைய ருஸ் நிலத்தை. ஆங்கில உணவுப் பட்டியல்களில் அது 'ருஷ்ய' பியெரோகி ஆனது. 2022-ல் ருஷ்யப் படை உக்ரேனுக்குள் நுழைந்தபோது, போலந்திலேயே சில உணவு விடுதிக்காரர்கள் அந்தப் பெயரை அழித்து 'உக்ரேனிய' பியெரோகி என்று எழுதினார்கள். மாவில் மடித்த உருளைக்கிழங்கில் எல்லைக்கோடு ஓடுகிறது. இங்கே நம் நண்பர் கொழுக்கட்டை என்று எழுதினால் எல்லையும் போயிற்று, யுத்தமும் போயிற்று. பிள்ளையார் சதுர்த்தி மட்டும் மிஞ்சும்.

பசி இன்னும் கறாரானது. போலந்தில் 1970 டிசம்பரில் உணவு விலையை ஏற்றினார்கள். பால்டிக் கரையில் எதிர்த்து வந்த தொழிலாளர்களைச் சுட்டார்கள். 1976 ஜூனில் மறுபடி விலையேற்றம், ராதோமிலும் உர்ஸுஸிலும் கலகம். 1980 ஜூலையில் இறைச்சி விலை. ஆகஸ்டில் க்தான்ஸ்க் கப்பல் கட்டும் தளத்தில் வேலைநிறுத்தம். அங்கே எழுதி மாட்டிய 21 கோரிக்கைகளில் சுதந்திரத் தொழிற்சங்கம் முதலாவது; இறைச்சிக்குக் கூப்பன் வேண்டும் என்பது பதின்மூன்றாவது. 1981 ஏப்ரலில் கூப்பன் வந்தது. 1989 வரை நீடித்தது. அந்த வரிசைகளில் கடைக்குச் சரக்கு வந்தால் 'வந்தது' என்று சொல்வதில்லை, 'எறிந்தார்கள்' என்பார்கள். கியெவ்பாஸா எறிந்தார்களாம் என்று காதோடு காது சேதி ஓடும். எறிந்தவன் யார், பொறுக்கியவன் யார் என்பதெல்லாம் அந்த ஒரு வினைச்சொல்லில் இருக்கிறது. 'கடையில் ஸாஸேஜ் கிடைத்தது' என்று தமிழில் எழுதுகிறவன் ஒரு வாக்கியத்தை மொழிபெயர்க்கவில்லை; ஒரு ஜனத்தின் அவமானத்தைத் துடைத்துவிட்டுத் தட்டை மட்டும் நீட்டுகிறான்.

என்னதான் செய்வது? மித்ஸ்கியெவிச்சிடம் போகலாம். 1834-ல் பாரிஸில் வெளியான 'பான் ததேயுஷ்' காவியத்தின் நான்காம் காண்டத்தில், வேட்டை முடிந்த காட்டில் பிகோஸ் கொதிக்கிறது. அதன் ருசியைச் சொல்லில் சொல்வது கஷ்டம் என்று கவி அங்கே நின்று ஒப்புக்கொள்கிறான். நகரத்து வயிற்றுக்கு இது பிடிபடாது என்று கேலியும் செய்கிறான். பிறகு முட்டைக்கோஸ் எப்படிப் புளித்தது, இறைச்சி எப்படி உள்ளே போனது, பாத்திரத்தில் ஆவி எப்படி எழுந்தது என்று காட்டுகிறான். நாட்டை இழந்து பாரிஸில் இருந்தவன் பிரெஞ்சுச் சட்டியில் நிகர் தேடவில்லை. பெயரை மட்டும் உச்சரித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொள்ளவும் இல்லை. அடுப்பைக் காட்டினான். நிகர்ச்சொல் பக்தர்களும் மூலச்சொல் பக்தர்களும் செய்யத் தவறுவது இதைத்தான்.

நமக்கு வேறொரு நோயும் உண்டு. போலந்தின் 'ஃப்லாகி' மாட்டு வயிற்றை நறுக்கிக் கொதிக்கவைப்பது. அதை 'ஒருவகை சூப்' என்று எழுத நமக்குக் கை கூசுவதில்லை. ஆனால் போட்டி, சுவரொட்டி, ஈரல், ரத்தப் பொரியல் என்று கறிக்கடை வரிசையில் நிற்கிற தமிழனுக்கு இருக்கிற அகராதி பல ஆங்கில மொழிபெயர்ப்பாளர்களுக்குக் கிடையாது. தானியத்தோடு ரத்தம் அடைத்த 'கஷாங்கா'வை அவனிடம் தயங்காமல் சொல்லலாம். தயங்குவது பாஷை அல்ல. பாஷையை எழுதுகிற கை. நமது இலக்கியத் தமிழ் வாழையிலையில் மட்டுமே சாப்பிட்டுப் பழகிய தமிழ். கொழும்பில் போர்த்துகீசியனிடம் வாங்கிய 'லிங்குஸ்' என்ற சொல் இதற்கென்றே இருப்பதும் அதற்குத் தெரியாது.

நிகர் கிடைக்கிற இடத்தில் எடுத்துக்கொள்ளத் தடையில்லை. வாக்காளனுக்கு நீட்டும் வாக்குறுதியைப் போலந்தில் 'தேர்தல் கியெவ்பாஸா' என்கிறார்கள். ஆங்கிலேயனுக்கு அடிக்குறிப்பு தேவைப்படும். நமக்கு பிரியாணிப் பொட்டலம் என்றால் போதும். வித்தியாசம், அங்கே வாக்குறுதியோடு சரி. இங்கே பொட்டலம் நிஜமாகவே வந்துவிடுகிறது.

சொல்லுக்குச் சொல் தேடுகிறவர்கள் தேடிக்கொண்டிருக்கட்டும். அந்த வாக்கியத்தில் யார் தின்கிறான், யார் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்று முதலில் கேளுங்கள். அது தெரியாதவரை 'இறைச்சிக் குழல்' வெறும் குழல்தான்; உள்ளே ஒன்றுமில்லை.