நாகர்கோவில் மாநகராட்சி: முதல்ல ரோடா, சாக்கடை இணைப்பா? முன்னுரிமை எதுக்கு?

புது ரோடு போட்டாச்சுன்னு நிம்மதியா இருந்தா, கொஞ்ச நாள்ல பைப் பதிக்கணும்னு ஜேசிபி வந்து நிக்குது. தோண்டின இடத்துல மண்ணைப் போட்டு மூடிட்டுப் போறாங்க. மழை வந்தா அது சேறு, வெயில் அடிச்சா புழுதி. நாகர்கோவில்காரங்களுக்கு இது புதுசில்லை.

2019-ல் நாகர்கோவில் மாநகராட்சியாகத் தரம் உயர்ந்தது. 52 வார்டுகளுக்கும் முதல் தேர்தல் 2022 பிப்ரவரியில் நடந்தது. மார்ச்சில் பதவியேற்ற மன்றத்தின் 5 ஆண்டு காலம் 2027 தொடக்கத்தில் முடிகிறது. அடுத்த தேர்தலில் ரோடு, பூங்கா, அலங்கார விளக்கு எல்லாம் சாதனைப் பட்டியலில் வரும். ஆனா ஊரோட பெரிய பிரச்னை ரோட்டுக்கு அடியில இருக்கு.

தண்ணீர் வருது, சரி... அப்புறம்?

நகரத்துக்குக் குடிநீர் தர்றது முக்கடல் அணை. முழுக் கொள்ளளவே 25 அடிதான். கோடையில நீர்மட்டம் 'மைனஸ்'ல போச்சுங்கிற செய்தியை எத்தனை வருஷமா பார்க்கிறோம்! அதனாலதான் பேச்சிப்பாறை, பெருஞ்சாணி தண்ணீர் வந்து சேரும் புத்தன் அணையில் இருந்து, அம்ருத் திட்டத்தில் சுமார் 250 கோடி ரூபாய் செலவில் தனிக் குடிநீர்த் திட்டம் கொண்டுவரப்பட்டது. அவசியமான திட்டம், சந்தேகமே இல்லை.

ஆனா வீட்டுக்குள்ள வர்ற தண்ணீரில் பெரும்பகுதி கழிவுநீரா வெளியே போயாகணும். ஒரு சின்ன கணக்கு. 2011 கணக்கெடுப்பில் நகரத்தின் மக்கள் தொகை சுமார் 2.25 லட்சம். நகரத் திட்டங்களில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் தண்ணீர் என்றும், அதில் 80 சதவீதம் கழிவுநீர் ஆகும் என்றும் கணக்கு வைப்பாங்க. அப்படிப் பார்த்தால் தினமும் சுமார் 2.4 கோடி லிட்டர். 2011-க்குப் பிறகு வந்த வீடுகளும், மாநகராட்சியோட இணைந்த ஆளூர், தெங்கம்புதூர் பகுதிகளும் இதில் சேரவில்லை.

இவ்வளவும் எங்கே போகுது?

கழிப்பறைத் தண்ணீர் செப்டிக் டேங்குக்குப் போகும். நிறைஞ்சா லாரியைக் கூப்பிடணும். குளியலறை, சமையலறைத் தண்ணீர் நேரா தெரு ஓடைக்கு. ஓடை மழைநீருக்காகக் கட்டினது. அதுல விழுற கழிவு கால்வாய்களைத் தொட்டு, பழையாற்றில் கலக்குது. ஒழுகினசேரி பாலத்துல நின்னு கீழே பார்த்தாலே புரியும்.

பழையாறு ஊரைத் தாண்டினதும் காணாமப் போயிடறதில்லை. சுசீந்திரம் வழியா மணக்குடியில் கடலில் சேருது. போற வழியில நாஞ்சில் நாட்டு வயல்களுக்கும் பாயுது. நகரத்து ஓடைக்கு விவசாயியும் மீனவரும் விலை கொடுக்கிறாங்க. அவங்களுக்கு மாநகராட்சித் தேர்தலில் ஓட்டுக் கிடையாது.

பாதாளச் சாக்கடைத் திட்ட வேலை 2013-ல் ஆரம்பித்தது. பத்து வருஷம் தாண்டியும் பேச்சு ஓயலை. புதுக் குடிநீர் முழுசா வந்தால் கழிவுநீரும் கூடும். அதனால சாக்கடை தயாராகாத தெருவுல ரோட்டைப் புதுசா போடறது, என்னைக் கேட்டால், மறுபடி தோண்டறதுக்கு முன்பணம் கட்டற மாதிரிதான். குடிநீர் பைப், சாக்கடை பைப், வீட்டு இணைப்பு மூணும் முடிஞ்ச பிறகே தார் போடணும். இணைப்புக்கான டெபாசிட்டை ஏழை வீடுகள் தவணையில் கட்ட வழி செய்யணும். மெயின் பைப் மட்டும் போட்டுட்டு வீடு இணையலைன்னா அது வெறும் குழாய்தான்.

எல்லாம் மாநகராட்சி கையிலா இருக்கு?

இல்லை. முக்கியச் சாலைகள் நெடுஞ்சாலைத் துறையிடம். ஆறும் கால்வாயும் நீர்வளத் துறையிடம். பெரிய திட்டங்களைக் குடிநீர் வடிகால் வாரியம் போன்ற அமைப்புகள் செய்வதுண்டு. ஒருத்தர் தோண்டினா இன்னொருத்தர் மூடணும், அதுக்குள்ள மழை வந்துடும்.

ஆனா ஓடையில் கழிவுநீர்க் குழாயை விட்ட கட்டடத்துக்கு நோட்டீஸ் கொடுக்கறது மாநகராட்சி வேலைதான். குப்பையை வீட்டிலேயே பிரித்து வாங்கறதும் அப்படித்தான். 2016 விதிகளிலேயே அது கட்டாயம் ஆயிடுச்சு. அது ஒழுங்கா நடந்தால் வலம்புரிவிளை கிடங்குக்குப் போற பாரமும், தீப்பிடிச்சா வர்ற புகையும் குறையும்.

எங்கே கேட்பது?

2022 ஏப்ரலில் சொத்து வரி உயர்ந்தது. 600 சதுர அடிக்குள் இருக்கும் வீட்டுக்கு 25 சதவீதம், 1,800 சதுர அடிக்கு மேல் 100 சதவீதம். கூடக் கட்டுறவங்களுக்குக் கேட்கவும் உரிமை உண்டு. அதுக்கான இடம் பகுதி சபை. உள்ளாட்சி தினமான நவம்பர் 1-ல், 2022-ம் ஆண்டு, தமிழக நகரங்களில் இந்தக் கூட்டங்கள் நடந்தன. 1956-ல் குமரி மாவட்டம் தமிழகத்தோடு இணைந்த நாளும் அதே நவம்பர் 1 என்பதால் இங்க யாருக்கும் தேதி மறக்காது.

அடுத்த கூட்டத்துக்குப் போனா, ரோடு எப்போன்னு கேட்கறதுக்கு முன்னாடி இதைக் கேட்டுப் பாருங்க: எங்க தெருவுல எத்தனை வீட்டுக்கு சாக்கடை இணைப்பு கொடுத்தாச்சு, மிச்சம் எந்த மாசம்?