பெல்ட் மாற்றியும் ஓடாத அச்சுப்பொறி

கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் கட்டட வரைபடங்களும் பெரிய சுவரொட்டிகளும் அச்சிட்டுக் கொடுக்கும் சிறிய அச்சகங்கள் சிலவற்றை நானறிவேன். இருபது வயதைக் கடந்த அகல அச்சுப்பொறிகள் அங்கே இன்னமும் உழைத்துக்கொண்டிருக்கின்றன. வெள்ளவத்தையில் தொடர்மாடி ஒன்று எழும்ப வேண்டுமானால் வரைபடம் வேண்டும். ஜூன் 13இல் கொச்சிக்கடை அந்தோனியார் பெருநாள் வந்தால் சுவரொட்டி வேண்டும். அந்த நேரம் பார்த்துத்தான் பெல்ட் அறும்.

இவ்வியந்திரங்களில் மைத்தலைகளைச் சுமந்து இடமும் வலமும் ஓடும் பகுதியைக் கேரியேஜ் என்பர். அதை இழுப்பது பற்களுள்ள ஒரு ரப்பர் பெல்ட். ரப்பருக்கும் முதுமை உண்டு. ஆண்டுகள் செல்லச் செல்லப் பிசுபிசுத்து, கறுப்புத் துகள்களாக உதிரும். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. புதியது வாங்கி மாட்டுகிறார்கள். மாட்டிய பின்னரும் இயந்திரம் ஓடுவதில்லை. கேரியேஜ் ஓரத்தில் போய் மோதி நிற்கிறது. எச்.பி. டிசைன்ஜெட் 500, 800 வகைகளாயின் திரையில் 86:01 என்ற எண் தோன்றும். உடனே, "மதர்போர்ட் போய்விட்டது" என்று தீர்ப்பும் வந்துவிடுகிறது.

அத்தீர்ப்புக்கு முன் பார்க்க வேண்டியவை வேறு. பெல்ட் கேரியேஜை இழுக்க மட்டுமே செய்யும். கேரியேஜ் எங்கே நிற்கிறது என்பதை இயந்திரத்துக்குச் சொல்வது, மிக நுண்ணிய கோடுகள் கொண்ட ஒளிபுகும் பிளாஸ்டிக் பட்டை. என்கோடர் ஸ்ட்ரிப் என்பது அதன் பெயர். கேரியேஜின் பின்புறமுள்ள உணரி அக்கோடுகளை எண்ணியே இடமறிகிறது. பெல்ட் மாற்றும்போது அப்பட்டை உணரியின் பிளவுக்குள்ளிருந்து விலகிவிடலாம். எண்ணெய்க் கையும் பட்டுவிடலாம். பிறகு மோட்டார் குருடாக ஓடும். பட்டையைச் சுத்தமான நீரில் சற்றே நனைத்த, நூல் உதிராத துணியால் மெல்லத் துடைக்க வேண்டும். சில பட்டைகளில் ஸ்பிரிட் கோடுகளையே அழித்துவிடும்.

பழைய பெல்டின் துகள்கள் பற்சக்கரத்தில் அப்பியிருந்தால் புதிய பெல்ட் பல் தாண்டும். மின்சாரத்தை நிறுத்திவிட்டுக் கேரியேஜைக் கையால் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை தள்ளிப் பார்த்தால், எங்கே இறுகுகிறது என்பது விரலுக்கே தெரியும். கேரியேஜ் ஓடும் இரும்புத் தண்டுகள் வறண்டிருந்தாலும் இறுகும். காலி வீதிக்கு மேற்கேயுள்ள கடைகளில் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். கடற்காற்று இரும்பைச் சும்மா விடாது. பெல்டை இழுத்துப் பிடிக்கும் ஸ்பிரிங் சரியாக அமர்ந்திருக்கிறதா என்பதும் உண்டு.

இவையெல்லாம் நல்ல திருத்துநர்களுக்குத் தெரிந்தவைதாம். பிறகேன் மதர்போர்டுக்குப் பாய்கிறார்கள்? பிழை பெரும்பாலும் கூலி கொடுப்போரிடத்தில் என்பது என் அபிப்பிராயம். புதிய உதிரிப்பாகத்தின் விலையை முணுமுணுத்தாவது கொடுத்துவிடுகிறார்கள். இரண்டு மணி நேரம் குனிந்திருந்து பட்டையைத் துடைத்து இயந்திரத்தை ஓடவைத்தவரிடமோ, "ஒன்றும் மாற்றவில்லையே தம்பி, எதற்குக் காசு?" என்கிறார்கள். அந்தத் தம்பி அடுத்த கடையில் என்ன செய்வார்? தேவையோ இல்லையோ ஏதாவதொன்றைக் கழற்றி மாற்றுவார். அவருக்கும் வீட்டு வாடகை உண்டு.

மாற்றும் பாகம் டொலர் கொடுத்து வருவது. 2022 மார்ச்சில் தாள் தட்டுப்பாட்டினால் 'தி ஐலண்ட்', 'திவயின' பத்திரிகைகளின் சனிக்கிழமைப் பதிப்புகள் அச்சேறாமல் நின்றதையும், மேல் மாகாணப் பாடசாலைகளில் தவணைப் பரீட்சைகள் பிற்போடப்பட்டதையும், அடுத்த மாதமே வெளிநாட்டுக் கடனைச் செலுத்த இயலாதென அரசு அறிவித்ததையும் பத்திரிகைத் தொழிலில் காலம் கழித்த எவரும் மறந்திருக்கமாட்டார்கள். தாளுக்கே டொலரில்லாது தவித்த நாட்டில், துடைத்தால் ஓடும் இயந்திரத்தைக் காயலான் கடைக்கு அனுப்புவது என்ன நியாயம்?

பார்த்ததற்கும் பணம் என்றால் பார்க்காமலே பணம் கேட்பார்கள் என்று அச்சகக்கார நண்பரொருவர் வாதிடுகிறார். அந்த அச்சத்தில் நியாயமுண்டு. ஆகவே பற்றுச்சீட்டில் பாகத்தின் பெயரோடு, பட்டை துடைத்தது, பற்சக்கரம் சுரண்டியது, தண்டுக்கு எண்ணெயிட்டது, கையால் ஓட்டிப் பார்த்தது எனத் தமிழிலேயே நான்கு வரி எழுதி வாங்குங்கள். அதற்குரிய கூலியையும் பேரமின்றிக் கொடுங்கள். இந்த வேலைக்குத் தமிழில் கையேடு கிடைப்பது அரிது. அடுத்த முறை வேறொருவர் வந்தால், அவர் அந்த நான்கு வரியிலிருந்து தொடங்கலாம்.